கம்பெனி அனுப்பிய கேம்ப்பும் வேர் பாயும்

முற்றுப்புள்ளியை வேர் பாய் அளவுக்கு வெறுத்த மனிதர் கடலூர் மாவட்டத்தில் இதுவரை பிறந்ததில்லை. இனிமேல் பிறக்கப்போவதும் இல்லை, நான் எழுதியே தருகிறேன். சிலருக்குப் பாம்பைக் கண்டால் ஆகாது, சிலருக்குக் கரப்பான் பூச்சி. பாய்க்குப் புள்ளி. ஒரு பக்கக் கடிதத்தில் மூன்று புள்ளிக்கு மேல் கண்ணில் பட்டுவிட்டால் கண்ணாடியைக் கழற்றி மேஜையில் வைத்துவிட்டு, "யாருய்யா இத கொத்துக்கறி போட்டது?" என்பார். போட்டவன் எதிரிலேயே உட்கார்ந்திருப்பான். பெரும்பாலும் அது நான்தான்.

சிதம்பரம் பஸ் ஸ்டாண்டுக்குப் போகும் வழியில் ஒரு ஜாப் டைப்பிங் கடை. அதில் பதினோரு வருடமாக நானும் பாயும் எதிரெதிர் மேஜை. விசா கடிதம், காலேஜ் அப்ளிகேஷன், வெளிநாட்டுக் கம்பெனிக்கு மெயில், அந்த லைசென்ஸ், இந்தப் புகார் என்று இங்கிலீஷில் போக வேண்டியதெல்லாம் எங்கள் கடை வழியாகத்தான் போகும். பாய்க்கு எழுதுகிற வேலை, எனக்குத் தட்டுகிற வேலை. நான் பி.காம்., இரண்டு மொழி டைப்பிங்கிலும் ஹையர். அவர் எட்டாம் வகுப்பு. வளைகுடாவில் ஒரு கட்டட கம்பெனியில் இருபது வருடம் டைம் கீப்பராக இருந்து, ஆயிரம் பேர் வருகையை ரிஜிஸ்டரில் குறித்துக் குறித்தே இங்கிலீஷ் பிடித்தவர். அவருடைய உண்மையான பெயர் கடை ஓனருக்குத் தெரியும் என்று நான் நினைத்துக்கொண்டிருந்தேன். எனக்குத் தெரியும் என்று ஓனர் நினைத்துக்கொண்டிருந்தார்.

வேர் என்றதும் மூலிகை வேர் என்று நினைத்துவிடாதீர்கள். அப்படி நினைத்து ஏமாந்தவர் கதை பின்னால் வருகிறது. இது இங்கிலீஷ் வேர். வேர், வென், ஒய் என்று மூன்று வார்த்தை இருக்கிறது அல்லவா, எங்கே, எப்போது, ஏன் என்று நமக்குப் பள்ளிக்கூடத்தில் கேள்விக்குச் சொல்லிக்கொடுத்தார்களே, அதுதான். அதே மூன்றும் இரண்டு வாக்கியத்தை ஒட்டவும் பயன்படும். நாம் "இது நான் பிறந்த வீடு" என்று சொல்லிவிட்டுப் போய்விடுகிறோம். நமக்குத் தனியாக ஒட்டு தேவையில்லை, 'பிறந்த' என்கிற சொல்லிலேயே ஒட்டு இருக்கிறது. இங்கிலீஷ்காரனுக்கு அந்தக் கொடுப்பினை கிடையாது. அவன் வீட்டை முதலில் கொண்டுவந்து நிறுத்தி, பின்னால் ஒரு வேர் போட்டு, அதற்கப்புறம்தான் பிறக்கவே முடியும்.

இந்த விஷயம் எல்லா இலக்கணப் புத்தகத்திலும் இருக்கிறது. பாயிடம் இருந்தது புத்தகம் இல்லை, வெறி. "அண்ட் போட்டா என்னா ஆகும் மச்சான்? ரெண்டு சேதியும் பஸ் ஸ்டாண்டுல பக்கத்துல பக்கத்துல நிக்கும். ஒண்ணு பண்ருட்டி போவும், ஒண்ணு புவனகிரி போவும். புள்ளி வச்சியோ, படிக்கிற ஆபீசர் அந்த எடத்துலயே டீ குடிக்க எந்திரிச்சிடுவான். திரும்பி வந்து வேற ஃபைல எடுப்பான். உன் ஆளு கதை கந்தல்" என்பார். ஆகவே பாய் புள்ளி வைக்கமாட்டார். ஒரு விசா கடிதத்தை ஒரே வாக்கியத்தில் ஆரம்பிப்பார். அது சிதம்பரம் தேர் மாதிரி நாலு வீதியும் சுற்றும், ஒவ்வொரு திருப்பத்திலும் ஒரு வேர், ஒரு வென், ஒரு ஒய் கட்டை போட்டுத் திரும்பும். நடுவில் நாம் அய்யோ சாய்ந்தது என்று நினைப்போம். சாயாது. கடைசியில் நிலைக்கு வந்து நிற்கும். அப்போதுதான் ஒரே ஒரு புள்ளி. கடையில் காத்திருக்கும் கூட்டம் மொத்தமும் மூச்சு விடும். இங்கிலீஷ் தெரியாதவர்களும் சேர்த்து.

தமிழையும் இந்த மனிதர் சும்மா விட்டதில்லை. அவர் வீடு கடலூர் ஓ.டி.யில், அதாவது ஓல்டு டவுனில். தினமும் பஸ்ஸில் வருவார். கண்டக்டர் வந்து "எங்க?" என்று கேட்டால் சிதம்பரம் என்று சொல்லிவிட்டுப் போக வேண்டியதுதானே? எங்கே என்று ஒருவன் கேட்டுவிட்டால் பாய்க்குக் கை கால் ஓடாது. "நான் வேலை செய்யிற கடை இருக்கிற ஊருக்கு" என்பார். ஒருமுறை நானும் பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன்.

"யோவ் பாய், ஊர் பேர சொல்லுய்யா. பின்னாடி நாப்பது பேரு நிக்கிறான்."

"நீங்க தெனம் என்னை இறக்கிவிடுற ஊருதாங்க."

"நான் தெனம் நானூறு பேர இறக்கிவிடுறேன்!"

"அதுல நான் இறங்குற எடத்துக்கு ஒண்ணு குடுங்க."

கண்டக்டர் என்னைப் பார்த்தார். நான் ஜன்னல் வழியாக ஆலப்பாக்கத்தைப் பார்த்தேன், எனக்கும் அவருக்கும் சம்பந்தமே இல்லாதது போல.

மூலிகை வேர் கதைக்கு வருகிறேன். மங்கலம்பேட்டையிலிருந்து ஒருவர், சர்பத் கடை போடப்போகிறவர், சிதம்பரத்தில் "வேர் பாய்" என்று ஒருவர் இருக்கிறார் என யாரோ சொல்லக் கேட்டு, மஞ்சள் பையோடு வந்து சேர்ந்தார். "நல்ல நன்னாரியா ரெண்டு கிலோ போடுங்க பாய்" என்றார். நானாக இருந்தால் வழி காட்டி அனுப்பியிருப்பேன். பாய் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்காரவைத்து, "கடை எங்க போடுறீங்க? எப்ப தெறக்குறீங்க? ஏன் சர்பத்து?" என்று ஆரம்பித்துவிட்டார். அரை மணி நேரத்தில் அந்த ஆளுக்கு உணவு லைசென்ஸ் என்று ஒன்று வேண்டும் என்பதே தெரியவந்தது. ஆன்லைன் விண்ணப்பத்தில் கடையைப் பற்றி நான்கு வரி கேட்டிருந்த இடத்தில் பாய் ஒரே வரி எழுதினார், அது நான்கு வரி நீளம். ஆள் வேர் வாங்க வந்தவர், வேரே இல்லாமல் சந்தோஷமாகப் போனார். லைசென்ஸ் வந்ததும் ஒரு பாட்டில் சர்பத் கொண்டுவந்து கொடுத்தார். அந்தச் சர்பத்தை நானும் குடித்தேன், குறை சொல்லக் கூடாது.

இவ்வளவு சொல்கிறேனே, எனக்கும் பாய்க்கும் இரண்டு மாதம் பேச்சே இல்லாமல் இருந்த காலம் ஒன்று உண்டு. அதற்குக் காரணம் ஒரு 'இன்'. ஒரு டூரிஸ்ட் விசா கடிதத்தை பாய் இல்லாத நேரத்தில் நானே எழுதி, "தி ஹோட்டல் வேர் ஐ வில் ஸ்டே இன்" என்று தட்டிவைத்திருந்தேன். பாய் வந்து படித்தார். கடையில் எட்டு பேர்.

"மச்சான், இந்த இன் எதுக்கு?"

"ஹோட்டலுக்குள்ளதான பாய் தங்குவாங்க? வெளியவா தங்குவாங்க?"

"அந்த 'உள்ள'ங்கிறது வேருக்குள்ளயே இருக்கு மச்சான். மாப்ள வந்து மணமேடையில உக்காந்தாச்சு. மாப்ளத் தோழன் இன்னும் ஏன் நடுவுல நிக்கிறான்? கீழ இறக்கிவிடு அவன."

எட்டு பேரும் சிரித்தார்கள். ஜெராக்ஸ் போடும் வசந்தா சிரித்த சிரிப்பில் இரண்டு காப்பி வீணாகப் போனது. அன்றிலிருந்து கடையில் எனக்குப் பெயர் மாப்ளத் தோழன். டீக்கடை வரைக்கும் பரவிவிட்டது. பி.காம். படித்தவனுக்கு எட்டாம் வகுப்பு வைத்த பெயர்! எனக்குக் கோபம் வந்தால் சாதாரணமாக வராது. ஸ்டேப்ளர் வேண்டுமென்றாலும் "வசந்தா, அந்தாளக் கேளு" என்பேன். பாய், "வசந்தா, அவரு நேத்து வச்ச எடத்துலதான் இருக்குன்னு சொல்லு" என்பார். வசந்தா இரண்டு பேருக்கும் நடுவில் நின்று தலையில் அடித்துக்கொள்வாள்.

இந்தச் சமயத்தில்தான் எங்கள் குடும்பத்தில் இடி விழுந்தது.

என் அக்கா தேன்மொழி புவனகிரியில் இருக்கிறாள். அவள் வீட்டுக்காரர் கலியமூர்த்தி மாமா வளைகுடாவில் எலக்ட்ரீஷியன். வாயில்லாப் பூச்சி. ஒருநாள் அவர் போனிலிருந்து அக்காவுக்கு ஒரு மெசேஜ் வந்தது. கம்பெனி அவருக்கு இங்கிலீஷில் அனுப்பியதை அப்படியே தள்ளிவிட்டிருந்தார். அக்கா போனிலேயே தமிழாக்கும் பட்டனை அமுக்கினாள். "கலியமூர்த்தி தப்பி ஓடிவிட்டார்" என்று வந்தது.

புவனகிரியில் போய் ஒரு ஆம்பளை ஓடிவிட்டான் என்று சொன்னால் அடுத்த கேள்வி என்ன வரும்? "யார் கூட?" மத்தியானத்துக்குள் தெருவே அதைக் கேட்டுவிட்டது. அக்கா முதலில் அழுதாள், அப்புறம் தெருவோடு சண்டை போட்டாள், அப்புறம் எனக்குப் போன் செய்தாள்.

விஷயம் அதைவிட மோசம். வேலைக்கு வராமல் ஓடிப்போனவர் என்று கம்பெனி அவர் மேல் புகார் கொடுத்துவிட்டது. அந்த ஊர்ச் சட்டப்படி அவருடைய அடையாள அட்டை முடங்கிவிட்டது. ரோட்டில் போலீஸ் பார்த்தால் பிடித்து உள்ளே வைப்பார்கள், அப்புறம் திருப்பி அனுப்பி, இனி அந்தப் பக்கமே வராதபடி தடை போடுவார்கள். மனிதர் ஓடவே இல்லை. கம்பெனியே அவரை வேறு கேம்ப்புக்குக் கொண்டுபோய்ப் போட்டிருந்தது. அங்கே தினமும் வேலையும் செய்துகொண்டிருக்கிறார். பழைய கேம்ப் ரிஜிஸ்டரில் மட்டும் தினமும் ஆப்சென்ட் விழுந்துகொண்டிருக்கிறது. இதை அங்குள்ள தொழிலாளர் ஆபீசுக்கு மெயிலில் விளக்க வேண்டும். இங்கிலீஷில் எழுதலாம்.

"நீதான இங்கிலீஷ் கடையில இருக்க? எழுதுடா" என்றாள் அக்கா.

நியாயமாக நான் எழுந்து எதிர் மேஜைக்குப் போயிருக்க வேண்டும். நாலே நாலு எட்டு. போகவில்லை. மாப்ளத் தோழனுக்கு ரோஷம்! "கம்பெனி அனுப்பின கேம்ப்லதான் இருக்காரு" என்று அக்கா சொன்னதை, சொன்ன வரிசையிலேயே இங்கிலீஷாக்கினேன். "இன் கம்பெனி சென்ட் கேம்ப் ஒன்லி ஹி இஸ் ஸ்டேயிங்." எனக்கே கொஞ்சம் இடித்தது. போனில் இப்போது இங்கிலீஷைச் சரிசெய்து கொடுக்கும் செயலிகள் இருக்கின்றனவே, அதில் போட்டேன். அது என் தப்பைத் துவைத்து, கஞ்சி போட்டு, இஸ்திரி போட்டுக் கொடுத்தது. தாங்கள் நலமா என்பதில் ஆரம்பித்து, கம்பெனி அன்புகூர்ந்து ஒரு கேம்ப்பை அனுப்பிவைத்திருக்கிறது என்றும், கலியமூர்த்தி அதில் மகிழ்ச்சியுடன் தங்கியிருக்கிறார் என்றும் ஒன்றரைப் பக்கம். பார்க்க அவ்வளவு அழகு. அனுப்பினேன்.

அடுத்த வாரம் வியாழக்கிழமை பதில் வந்தது. கம்பெனி எந்தக் கேம்ப்பை அனுப்பியது, யாருக்கு அனுப்பியது, அது வந்து சேர்ந்ததா என்பதைத் தெளிவுபடுத்தவும். ஏழு நாளில் விளக்கம் வராவிட்டால் விண்ணப்பம் முடித்துவைக்கப்படும்.

அக்காவிடம் படித்துக் காட்டினேன். 

"ஏண்டா, கேம்ப கூரியர்ல அனுப்பினாங்களான்னா கேக்குறான்?"

"அப்படித்தான்க்கா படிக்குது."

"என் புருஷன உள்ள தள்ளுறதுக்கு அந்தக் கம்பெனிக்காரன் போதாதா? நீ வேறயா? அந்தப் பாய் எங்கடா?"

"அவரோட எனக்குப் பேச்சு இல்லக்கா."

"நாளைக்கு நான் தாலியத் தூக்கிக்கிட்டுத் தெருவுல நிக்கிறேன், உன் ரோஷத்தக் கொண்டாந்து அது மேல மாட்டிவிடு" என்று சொல்லி வைத்துவிட்டாள்.  எனக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. கோபத்தில் வந்ததா பயத்தில் வந்ததா என்று பிரிக்கத் தெரியவில்லை.

மறுநாள் வெள்ளி. ஜும்ஆ தொழுகைக்காக பாய் வெள்ளிக்கிழமைகளில் கடைக்கு வரமாட்டார். நான் கடலூர் பஸ் ஏறினேன். வழியெல்லாம் என்ன சொல்லி ஆரம்பிப்பது என்று ஒத்திகை பார்த்துக்கொண்டே போனேன். ஓ.டி.யில் அவர் வீட்டு வாசலில் நின்று "பாய்" என்றேன். தொப்பியோடு வெளியே வந்தவர் என்னைப் பார்த்துவிட்டு உள்ளே திரும்பி, "ஏம்மா, நான் ரெண்டு மாசமா சொல்லிட்டு இருந்தனே ஒரு மச்சான், அவரு வந்துட்டாரு, சோறு வை" என்றார். அவ்வளவுதான். ஒத்திகை பார்த்ததெல்லாம் வீண். அந்த இரண்டு மாதமும் அவர் வீட்டில் என் பேச்சு நடந்திருக்கிறது!

சாப்பிட்ட பிறகு என் கடிதத்தைப் படித்தார். கண்ணாடியைக் கழற்றினார். கொத்துக்கறி என்று சொல்வார் என்று காத்திருந்தேன், சொல்லவில்லை.

"மச்சான், தமிழ்ல 'அனுப்பின கேம்ப்'னா, அனுப்பினது மாமாவன்னு நமக்குத் தெரியும். இங்கிலீஷ்ல அப்படியே தூக்கி வச்சீங்க. அங்க கேம்ப்பே கெளம்பிப் போயிடுச்சு. நம்ம ஆளுங்க அத்தன பேரும் பண்றதுதான், உடுங்க. உங்க மாமாவப் புடிங்க."

அந்த ஊரில் வாட்ஸ்அப்பில் நேரடியாகப் பேச முடியாது. வாய்ஸ் மெசேஜ்தான். பாய் போனை வாய்க்குப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, "கலியமூர்த்தி, நான் பாய் பேசுறேன். உங்கள எங்க வச்சிருக்காங்க? எப்ப கொண்டாந்தாங்க? ஏன் கொண்டாந்தாங்க? அழுவாம ஒண்ணொண்ணா சொல்லுங்க" என்றார். பதினோரு வருடம் இந்த மூன்று வார்த்தையை வைத்து நான் கிண்டல் செய்திருக்கிறேன். அன்றைக்கு அவர் கேட்டபோது ஒரு டாக்டர் நாடி பிடிக்கிற மாதிரி இருந்தது.

மாமாவின் பதில் வந்தது. "பழைய கேம்ப்லேருந்து பஸ்ல ரெண்டு மணி நேரம் பாய். பொங்கல் கழிச்சு அடுத்த வாரம் கொண்டாந்தாங்க. புது சைட்டுக்கு எலக்ட்ரீஷியன் வேணும்னு சூப்பர்வைசர் வாயால சொன்னாரு, ஏறிட்டேன். அந்த ஆளு வேலைய விட்டுட்டுப் போயிட்டாரு. இங்க இருக்கிற மத்தவங்க எல்லாம் ஊர்லேருந்து நேரா வந்தவங்க. பழைய கேம்ப்லேருந்து வந்தது நான் ஒருத்தன்தான். நான் எங்கயும் ஓடல பாய். என் பொண்டாட்டிகிட்ட சொல்லுங்க." 

பாய் போனை மறுபடி வாய்க்குப் பக்கத்தில் கொண்டுபோனார். பிறகு யாரும் கேட்காத ஒரு கேள்வி கேட்டார். "தம்பி, சாப்பாடு எங்க?"

"மெஸ்ல பாய். தெனம் லிஸ்ட்ல பேருக்கு நேரா டிக் அடிச்சாத்தான் குப்பூஸ் ரொட்டி தருவான்."

பாய் எழுந்து நின்றுவிட்டார். "மாஷா அல்லாஹ்! இருபது வருசம் டைம் கீப்பரா இருந்தவன்கிட்ட சொல்லுறான் பாரு! வேலை ரிஜிஸ்டர்ல தப்பு வரும் மச்சான். சாப்பாட்டு லிஸ்ட்ல தப்பே வராது. ஒரு ரொட்டி ஜாஸ்தியா போனா கம்பெனிக்காரன் தூங்கமாட்டான். எழுதுங்க."

கண்ணை மூடினார். வாக்கியம் கிளம்பியது. நான் போனில் தட்டிக்கொண்டே போனேன். கலியமூர்த்தி ஓடிப்போகவில்லை என்பதில் தொடங்கி, "தி கேம்ப் வேர் தி கம்பெனி இட்செல்ஃப் ஹாட் புட் ஹிம்" என்று திரும்பியது. கம்பெனியே அவரைக் கொண்டுவந்து வைத்த கேம்ப். அங்கிருந்து, பழைய ரிஜிஸ்டரில் ஆப்சென்ட் விழுந்த நாட்களெல்லாம் ஒரு வென்னில் வந்து ஏறின. பழைய கேம்ப்பில் யாரும் அவரைப் பார்க்காததற்கான காரணம் ஒரு ஒய்யில் ஏறியது. கடைசியாக, "தி மெஸ் வேர் ஹிஸ் நேம் இஸ் டிக்ட் எவ்ரி டே" என்று வந்து நின்றது. தினமும் அவர் பெயருக்கு டிக் விழுகிற மெஸ். புள்ளி. ஒரு மனிதனின் நாலு மாத வாழ்க்கை, ஒரே வாக்கியம், எந்த இடத்திலும் டீ குடிக்க எழுந்திருக்க முடியாது. எனக்கு உடம்பு சிலிர்த்துவிட்டது. பொறாமையும் வந்தது, மறைப்பானேன்.

படித்துக் காட்டினேன். பாய் திடீரென்று கண்ணைத் திறந்தார்.

"கேம்ப்புக்கும் வேருக்கும் நடுவுல மூச்சு உட்டீங்களே, கமா போட்டீங்களா?"

"அழகா இருக்கட்டும்னு ஒண்ணு போட்டேன் பாய்."

"யா அல்லாஹ்! எடுங்க அத! கமா போட்டா, இருக்கிறது ஒரே கேம்ப், அதப் பத்திக் கூடுதலா ஒரு சேதி சொல்லுறோம்னு அர்த்தம். படிக்கிற ஆபீசர் பழைய கேம்ப்பையே நெனச்சுப்பான். கமா இல்லன்னாதான் ரெண்டு கேம்ப்ல இதுன்னு கை காட்டும். ரெண்டு கேம்ப் இருக்குன்றதுதான மச்சான் நம்ம கேஸே!"

ஒரு கமாவில் என் மாமா மறுபடி ஓடிப்போக இருந்தார். அதை அழித்தேன். இரண்டு பேரும் சேர்ந்து மூன்று முறை படித்து அனுப்பினோம்.

அக்கா போனில் காத்திருந்தாள். என்ன எழுதியிருக்கிறது என்று தமிழில் சொல்லச் சொன்னாள். பாய் போனை வாங்கி, "கம்பெனி கொண்டாந்து உட்ட கேம்ப்லதான் இருக்காரு, எங்கயும் ஓடலன்னு எழுதியிருக்குமா" என்றார்.

"இதத்தான பாய் நான் பத்து நாளா தெருவுல கத்திட்டு இருக்கேன்!"

"ஆமாம்மா. நீங்க சரியாத்தான் சொன்னீங்க. உங்க தம்பிதான் கேம்ப மட்டும் தனியா அனுப்பிட்டாரு."

பிறகு காத்திருந்தோம். ஏழாம் நாள் போனது, ஒன்றும் வரவில்லை. எட்டாம் நாளும் இல்லை. பாய் மதியச் சாப்பாட்டை மூடிவைத்துவிட்டு ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை என்னிடம் வந்து, "மெயில் பாத்தீங்களா" என்று கேட்டுக்கொண்டிருந்தார். ஒன்பதாம் நாள் காலை வந்தது. குறிப்பிட்ட மெஸ் பட்டியல் சரிபார்க்கப்பட்டது. கலியமூர்த்தியின் பெயர் உள்ளது. புகார் ரத்து செய்யப்பட்டது. வசந்தா கத்திய கத்தலில் பக்கத்துக் கடைக்காரர் ஓடிவந்தார். பாய் அந்த மெயிலை இரண்டு தடவை படித்தார். கர்சீப்பை எடுத்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டே, "நல்ல மனுசன் மச்சான். மூணு புள்ளி வச்சிருக்கான், போவுது உடு" என்றார்.

மாமா நாலு மாதம் கழித்து லீவில் வந்தார். வந்த மூன்றாம் நாள் அக்காவைக் கூட்டிக்கொண்டு கடைக்கே வந்துவிட்டார், கையில் பேரீச்சம்பழப் பெட்டியும் கோடாரித் தைலமும். பெரிய ஆபீசர் தோரணையில் ஒருவரை எதிர்பார்த்தார் போலிருக்கிறது. ஒல்லியாக, சட்டைப் பையில் மை கசிந்து உட்கார்ந்திருந்த பாயைப் பார்த்து, "இவரா?" என்று என்னைக் கேட்டார். பிறகு போய் அவருடைய இரண்டு கையையும் பிடித்துக்கொண்டார். அக்கா பேசவே இல்லை. எங்கள் அக்கா பேசாமல் நின்று நான் பார்த்தது அன்றைக்குத்தான். பாய்க்குக் கூச்சம் தாங்கவில்லை. "டீ சொல்லிட்டு வரேன்" என்று வெளியே போய்விட்டார்.

மாமா அவர் போன வாசலையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"யாரு மச்சான் இவரு? உனக்கு என்னா வேணும்?"

பதினோரு வருடமாக யார் கேட்டாலும், நான் வேலை செய்கிற கடையில் ஒரு பாய் இருக்கிறார் என்றுதான் சொல்லிவந்திருக்கிறேன். அன்றைக்கு வாயைத் திறந்தபோது அது வேறு மாதிரி வந்தது.

"இவரு இருக்கிற கடையிலதான் மாமா நான் வேலை செய்யிறேன்."